எட்டரை மணிக்கு முடியும் நாள்

10ஆம் தேதி பெரிய மழை எதுவும் பதிவாகவில்லை. ஆகவே குடோனுக்குள் வெள்ளம் புகுந்திருக்க வழியில்லை. ஆகவே இழப்பீடும் இல்லை. காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதத்தில் மரியாதை வார்த்தைகளைக் கழித்துவிட்டால் மிஞ்சியது இந்த மூன்று வரிதான். கூடவே வானிலைச் சான்று ஒன்றின் நகலையும் இணைத்திருந்தார்கள். அரசு முத்திரை, கையெழுத்து, தேதிவாரியாக மழையளவு எல்லாம் இருந்தன. 10ஆம் தேதிக்கு நேரே இருந்த எண்ணைப் பார்த்தால் அன்றைக்கு யாரும் குடைகூட எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்க மாட்டார்கள்.

கடிதத்தை என் மேஜையில் வைத்தவர் அட்டைப்பெட்டி செய்பவர், தர்மபுரிப் பக்கம். பெயர் வேண்டாம். தேதியையும் மாற்றித்தான் எழுதுகிறேன். கொரோனா ஓய்ந்த பிறகு வந்த ஒரு மழைக்காலம், 10ஆம் தேதி இரவு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடத்தை மட்டும் மாற்றவில்லை, அது ஹெப்பகோடி.

ஓசூர் சாலையில் எலக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி பொம்மசந்திராவுக்குப் போகும் வழியில் இருக்கிறது ஹெப்பகோடி. ஆனேக்கல் தாலுக்காவில் கிராமமாக இருந்த ஊர், இன்று நகரசபை. பயோகானின் பெரிய வளாகம் இங்கேதான். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோவில் இந்த ஊர் நிலையத்துக்குப் பெயரே பயோகான் ஹெப்பகோடி. பெரிய கம்பெனிகளின் மதில்களுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் அந்தக் கம்பெனிகளுக்குப் பெட்டி, மூடி, திருகாணி என்று செய்துகொடுக்கும் சிறு பட்டறைகள் வரிசையாக இருக்கின்றன. அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழ்நாடு. அதனால் கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைக்காரர்கள் இங்கே ஏராளம். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், ஆர்டர் வாங்கும்போது மட்டும் கொஞ்சம் ஆங்கிலம் என்று பிழைக்கிற ஊர். என் கட்சிக்காரரும் அப்படித்தான்.

"எவ்வளவு மழைங்க பெய்தது?" என்று கேட்டேன்.

"ரெண்டு உழவு மழைக்கு மேல சார். ராத்திரி ஒம்பதரைக்குப் புடிச்சுது. பன்னெண்டுக்கெல்லாம் விட்டுடுச்சு. ஆனா அந்த ரெண்டரை மணி நேரத்துல ஊரையே கழுவி ஊத்திடுச்சு."

வானம் பார்த்த பூமியில் பிறந்தவர்களுக்கு மழையின் அளவு மில்லிமீட்டரில் இல்லை, கலப்பையில் இருக்கிறது. ஏர் பூட்டும் அளவுக்கு நிலம் நனைந்தால் ஒரு உழவு. எனக்கு அது புரிந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் புரியவைக்க வேறு அளவுகோல் தேவைப்பட்டது.

நடந்தது இதுதான். பட்டறையை ஒட்டிப் போகும் மழைநீர்க் கால்வாயான ராஜகாலுவே நிரம்பித் தெருவுக்கு வந்தது. தெரு நிரம்பிக் குடோனுக்குள் வந்தது. முழங்கால் உயரம். குடோனில் க்ராஃப்ட் பேப்பர் ரீல்களை நிமிர்த்தி அடுக்கியிருந்தார்கள். காகிதம் கீழிருந்தே தண்ணீரைக் குடித்து மேலே ஏற்றும் என்பதால், நனைந்தது முழங்கால் அளவு என்றாலும் கெட்டது ரீல் முழுவதும். ஈரம் ஏறிய தாளில் பசை நிற்காது, மெஷினில் ஓட்டினால் கிழியும். பழைய பேப்பர் விலைக்கு எடைக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆதாரம் கேட்டேன். சிசிடிவி இருந்தது. ஆனால் காட்சிகளைப் பதியும் டிவிஆர் பெட்டியை மேஜைக்குக் கீழ்த்தட்டில் வைத்திருந்தார்கள், வெள்ளம் முதலில் விழுங்கியது அதைத்தான். வாட்ச்மேன் எடுத்த படங்கள் வாட்ஸ்அப்பில் வந்திருந்தன. வாட்ஸ்அப் வழியாக வரும் படத்தில், எடுத்த நேரமும் இடமும் சொல்லும் உள்குறிப்புகள் உதிர்ந்துபோகும். வாட்ச்மேனின் போன் வெள்ளத்துக்கு அடுத்த வாரமே தொலைந்துவிட்டிருந்தது. படம் எந்த நாள், எந்த மழை என்று எதிர்த்தரப்பு கேட்டால் வாயால்தான் பதில் சொல்ல வேண்டும்.

சட்டத்தின் பக்கம் எனக்குப் பெரிய கவலை இல்லை. பாலிசி, சிறு தொழில்களுக்காக 2021 ஏப்ரல் முதல் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. புயல், சூறாவளியோடு வெள்ளமும் நீர்சூழ்வும் அதில் காப்பீடு செய்யப்பட்ட ஆபத்துகள். இத்தனை மில்லிமீட்டர் பெய்தால்தான் என்று எந்த வரியிலும் இல்லை. ஆறு கரையுடைத்தால்தான் வெள்ளமா, மழைநீர் தேங்கினால் ஆகாதா என்ற கேள்விக்கும் 2020இல் ஜே.கே. சிமென்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. ஆலையின் நிலக்கரி பெருமழையில் அடித்துப் போன வழக்கு அது. சாதாரணமாக நீர் நிற்காத நிலத்தில் மழைநீர் தேங்கி நிற்பதும் பாலிசி சொல்லும் நீர்சூழ்வுக்குள் அடங்கும் என்று முடிந்தது. வியாபாரிக்கு நுகர்வோர் ஆணையத்தில் என்ன வேலை என்று எதிர்த்தரப்பு எழுப்பிய ஆட்சேபமும் நிற்கவில்லை. எங்கள் வழக்கு நிலுவையில் இருந்தபோதே, 2023இல், ஹர்சோலியா மோட்டார்ஸ் தீர்ப்பு வந்து அதைத் தீர்த்துவைத்தது. நஷ்டத்தை ஈடுகட்ட எடுக்கும் காப்பீடு லாபத்துக்கான வியாபாரம் ஆகாது.

ஆக, சட்டம் எங்கள் பக்கம். குறுக்கே நின்றது அந்த ஒற்றைத்தாள் சான்று.

வானத்தைச் சாட்சிக்கு அழைப்பது வக்கீல்களுக்குப் புதிதல்ல. 1858இல் அமெரிக்காவின் பியர்ட்ஸ்டவுனில் ஒரு கொலை வழக்கு. நிலா வெளிச்சத்தில் அடித்ததைப் பார்த்தேன் என்றார் சாட்சி. எதிரிக்காக ஆஜரான ஆபிரகாம் லிங்கன் கொலை நடந்த வருடத்துப் பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார். சாட்சி சொன்ன நேரத்தில் நிலா அடிவானத்தை ஒட்டி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரி விடுதலை. சட்டக் கல்லூரியில் இந்தக் கதையைக் கேட்காதவர் இருக்க மாட்டார். ஆனால் லிங்கனுக்கு இருந்த வசதி எங்களுக்கு இல்லை. நிலா எப்போது இறங்கும் என்று முன்கூட்டியே கணித்து அச்சடிக்கலாம். மழைக்கு அப்படிப் பஞ்சாங்கம் கிடையாது. பெய்யும்போது யாராவது, அல்லது எதாவது, பக்கத்தில் நின்று எழுதியிருக்க வேண்டும்.

சான்றை மறுபடி மறுபடி படித்தேன். 10ஆம் தேதிக்கு நேரே சொற்ப எண். அதற்கு அடுத்த வரி, 11ஆம் தேதிக்கு நேரே, பெரிய எண். எங்கள் ஆளோ 10ஆம் தேதி இரவு பன்னிரண்டுக்குள் மழை ஓய்ந்துவிட்டது என்கிறார். 11ஆம் தேதி ஹெப்பகோடியில் வெயில் அடித்ததாகத் தெருவே சொல்கிறது. ரீல்களை வெளியே உருட்டிக் காயவைக்கப் பார்த்ததே அன்றைக்குத்தான். நஷ்டத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் நியமித்த சர்வேயர் இந்த அடுத்த வரியைத் தொடவே இல்லை. அவருக்கு வேண்டியது 10ஆம் தேதி. 10ஐப் பார்த்தார், மூடிவிட்டார்.

அப்போதுதான் வானிலைத் துறையில் பதிவாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரை நண்பர் ஒருவர் அறிமுகம் செய்துவைத்தார். வேலூர்க்காரர். சான்றைக் கையில் வாங்கியவர் எண்ணைப் பார்க்கவில்லை, தலைப்பைப் பார்த்தார்.

"வக்கீல் சார், இது எட்டரைக் கணக்கு."

"புரியலீங்க ஐயா."

"எங்களுக்கு நாள் ராத்திரி பன்னெண்டுக்கு முடியாது. காலைல எட்டரைக்கு முடியும். 11ன்னு போட்டிருந்தா, 10ஆம் தேதி காலை எட்டரைலேர்ந்து 11ஆம் தேதி காலை எட்டரை வரைக்கும் விழுந்த மழை. உங்க ஆள் சொல்ற ராத்திரி மழை 11லதான் இருக்கும். 10ல தேடினா எப்படிக் கிடைக்கும்?"

இதைச் சட்டப் புத்தகம் எதிலும் நான் படித்ததில்லை. சர்வேயரும் படித்திருக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் ஒரே நேரத்தில் அளவு எடுக்க வேண்டும் என்பதற்காக கிரீன்விச் நேரத்தை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். அங்கே அதிகாலை 3 மணி என்றால் நமக்குக் காலை 8.30. அந்த நேரத்தில் மழைமானியில் சேர்ந்திருக்கும் நீரை அளந்து, அளந்த நாளின் தேதியில் எழுதுகிறார்கள். பெங்களூரே மறக்காத உதாரணம் ஒன்று இருக்கிறது. 2022 செப்டம்பர் 4, ஞாயிற்றுக்கிழமை இரவு பெய்த மழையில் நகரின் கிழக்குப் பகுதி மூழ்கி, சாஃப்ட்வேர் ஊழியர்கள் டிராக்டரில் ஆபீஸ் போனார்கள். அந்த மழையின் அளவு 131.6 மில்லிமீட்டர் என்று பத்திரிகைகளில் வந்தது. அது 5ஆம் தேதி காலை 8.30க்கு முடிந்த 24 மணி நேரத்துக் கணக்கு. அந்த இரவில் பொருளை இழந்த ஒருவர், நஷ்ட நாள் 4ஆம் தேதி என்று எழுதியிருந்தால், அவருக்கும் இதே வரி வித்தியாசம் காத்திருந்திருக்கும்.

பெரியவர் அதோடு விடவில்லை. பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்துக் காட்டினார். கட்டம் போட்ட நீளத்தாள், அதன்மேல் ஊதா மையில் ஒரு கோடு. தானே பதியும் மழைமானியின் தாள். பழைய பாடப்புத்தகங்களில் புளூவியோகிராஃப் என்று போட்டிருப்பார்கள். ஆபீஸில் யாரும் அப்படிச் சொன்னதில்லையாம், எஸ்.ஆர்.ஆர்.ஜி. என்றுதான் பேச்சாம்.

அந்தக் கருவி வேலை செய்யும் விதத்தை அவர் சொல்லச் சொல்ல, வழக்கு என் கண்முன்னே ஒழுங்காக வந்து உட்கார்ந்தது. மேலே புனல். கீழே ஒரு அறை, அதற்குள் மிதவை. மிதவையோடு இணைத்த பேனா, கடிகார விசையில் சுற்றும் உருளைமேல் சுற்றிய தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும். உருளை நாளுக்கு ஒரு சுற்று. மழை விழுந்தால் அறையில் நீர் ஏறும், மிதவை ஏறும், பேனாவும் ஏறும். 10 மில்லிமீட்டர் சேர்ந்ததும் சைஃபன் குழாய் மொத்த நீரையும் இழுத்து வெளியே தள்ளிவிடும். பேனா செங்குத்தாகப் பூஜ்யத்துக்கு விழுந்து மறுபடி ஏறத் தொடங்கும். மழை இல்லாத நேரம் கிடைக்கோடு, தூறலுக்கு மெல்லிய ஏற்றம். கொட்டினால் ரம்பப் பல் மாதிரி ஏற்றமும் வீழ்ச்சியும் நெருக்கியடித்துக்கொண்டு வரும். விழுந்த கோடுகளை எண்ணிப் பத்தால் பெருக்கி, மிச்சத்தைக் கூட்டினால் மொத்த மழை. எந்த மணியில் விழுந்தது என்பது தாளின் அடியிலேயே இருக்கிறது.

"தெனமும் எட்டரைக்குத் தாளை மாத்தணும். மழை கொட்டிக்கிட்டிருந்தாலும் மாத்தணும். மாத்தறப்ப ஏத்தின நேரம், எறக்கின நேரம் ரெண்டையும் எழுதிக் கையெழுத்துப் போடணும். இந்தத் தாள்ல பாருங்க, ரெண்டு தேதி இருக்கும். டைப் பண்ற கிளார்க் பட்டியல்ல ஒரு தேதிதான் போடுவார்."

மழையை அளப்பது நம் நாட்டில் மிகப் பழைய வேலை. களஞ்சியத்தின் முன்னால் ஒரு முழ வாய் அகலமுள்ள பாத்திரத்தை மழைமானியாக வைக்கச் சொல்கிறது அர்த்தசாஸ்திரம். அந்தப் பாத்திரம் எவ்வளவு என்று சொல்லும், எப்போது என்று சொல்லாது. எப்போது என்பதையும் எழுதிவைக்கும் கருவிக்கு 17ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லண்டன் புனித பவுல் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென், நிரம்பினால் தானே கவிழும் ஒரு வாளியை வைத்து அதை முயன்றவர்களில் முதன்மையானவர். கட்டடக் கலைஞர் ஒருவருக்கு மழையின் நேரத்தில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நகரத்தின் சாக்கடை நிரம்புவது ஒரு நாளின் மொத்த மழையால் அல்ல, கால் மணி நேரத்தில் விழும் மழையால்தான். 60 மில்லிமீட்டர் நாள் முழுக்கப் பரவிப் பெய்தால் ஹெப்பகோடியில் கடை திறந்திருக்கும். அதே 60 ஒரு மணி நேரத்தில் விழுந்தால் குடோனில் மீன் பிடிக்கலாம். வானிலைத் துறை கனமழை என்று வகைப்படுத்துவது 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து. நாள் கணக்குப்படி இந்த இரண்டுமே கனமழை ஆகாது.

இங்கேதான் சர்வேயரின் இரண்டாவது ஓட்டையும் தெரிந்தது. அவர் இணைத்த சான்று நகர வானிலை நிலையத்தினுடையது. அது பெங்களூரு அரண்மனைச் சாலையில் இருக்கிறது. ஹெப்பகோடி நகரின் தெற்கு ஓரத்தில். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாலை இடிமழை எப்படிப் பெய்யும் என்பது பெங்களூருக்காரர்களுக்குத் தெரியும். ஜெயநகரில் ஆறாக ஓடும், மல்லேஸ்வரத்தில் தூசி பறக்கும். அரண்மனைச் சாலைப் புனலில் விழுந்ததை வைத்து ஹெப்பகோடிக் குடோனுக்குத் தீர்ப்பு எழுத முடியாது. எங்களுக்குச் சாதகமான 11ஆம் தேதி எண்ணுக்கும் இது பொருந்தும் என்பதால், அதை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது நேர்மையும் அல்ல, புத்திசாலித்தனமும் அல்ல.

கர்நாடகத்தில் வழக்காடுபவர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை உண்டு. 1988இல் வறட்சியைக் கண்காணிக்கத் தொடங்கிய சிறு பிரிவு, இன்று கர்நாடக மாநில இயற்கைப் பேரிடர் கண்காணிப்பு மையமாக எலஹங்காவில் இயங்குகிறது. கிராமப் பஞ்சாயத்து அளவில் மாநிலமெங்கும் 6,500க்கு அதிகமான மழைமானிகளை நட்டுவைத்திருக்கிறது. ஒவ்வொன்றும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை தன் கணக்கை அனுப்பும். தாளும் இல்லை, மையும் இல்லை. உள்ளே இருப்பது ரென் காலத்து யோசனைதான். தராசுபோல இரட்டைக் கிண்ணம், ஒன்று நிரம்பினால் கவிழும், ஒவ்வொரு கவிழ்ப்பையும் ஒரு காந்தச் சுவிட்சு எண்ணும். ஆனேக்கல் தாலுக்காவில் எங்கள் குடோனுக்குப் பக்கத்திலிருந்த மழைமானியின் அந்த இரவுப் பதிவை, மணியும் நிமிடமும் வேண்டும் என்று குறிப்பிட்டு எழுத்தில் கேட்டோம்.

வந்த பட்டியலில் எட்டு மணி வரை வெறும் பூஜ்யங்கள். ஒன்பதரைக்குச் சற்று முன் எண்கள் எழுந்தன. பத்தரையை ஒட்டி உச்சம். நள்ளிரவுக்கு முன் மீண்டும் பூஜ்யம். தர்மபுரிக்காரர் எந்தக் கருவியும் இல்லாமல் சொன்ன நேரத்துக்கும் அதற்கும் சில நிமிடங்கள்தான் வித்தியாசம். வாட்ஸ்அப் படங்கள் வந்துசேர்ந்த நேரமும் அந்த உச்சத்துக்குப் பின்னால் போய்ப் பொருந்தியது. தனியாக நின்றால் சந்தேகப்படத்தக்க படங்கள், பட்டியலின் பக்கத்தில் வைத்ததும் பேச ஆரம்பித்தன.

கணினியிலிருந்து வந்த பதிவு என்பதால் பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி சான்றிதழ் இல்லாமல் நான் அதைத் தாக்கல் செய்யவில்லை. நுகர்வோர் ஆணையங்கள் சாட்சியச் சட்டத்துக்கு அப்படியே கட்டுப்பட்டவை அல்ல என்று வாதிடலாம்தான். ஆனால் 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உறுதிசெய்த பிறகு, ஒரு தாளைச் சேமிக்க வழக்கைப் பணயம் வைப்பது வீண்.

ஆணையத்தில் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பது அபூர்வம். பிரமாணப் பத்திரம், அதன்மேல் எழுத்து வினாக்கள், எழுத்துப் பதில். இளம் வக்கீல்களுக்கு இது சப்பென்று இருக்கும். எனக்கு இது பிடிக்கும், பதில் சொன்னவர் பிறகு தொனியை மாற்ற முடியாது. சர்வேயருக்கு அனுப்பிய வினாக்களில் நீளமானவை பல இருந்தன. அவற்றுக்கு நடுவே ஒரு சின்ன வினாவை வைத்தேன்: தாங்கள் நம்பிய சான்றில் 10ஆம் தேதி என்பது எந்த மணி முதல் எந்த மணி வரை?

பதில் வந்தது: நள்ளிரவு 12 முதல் அடுத்த நள்ளிரவு 12 வரை.

சான்றின் தலைப்பிலேயே, சின்ன எழுத்தில், காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தது. அந்தத் தலைப்பைப் பெரிதாக்கிய நகலும், இந்தப் பதிலும், 15 நிமிடப் பட்டியலும் வாதநாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருந்தன. நான் அதிகம் பேசவில்லை. தலைவர் மூன்றையும் வரிசையாகப் படித்துவிட்டு எதிர்த்தரப்பு வக்கீலைப் பார்த்தார். "இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று கன்னடத்தில் கேட்டார்.

அவர் திறமையானவர், உடனே பாதையை மாற்றினார். முதலில் கருவியைப் பிடித்தார். தானியங்கி மழைமானிகள் தவறாகக் காட்டக்கூடியவை, இலை அடைக்கும், பறவை கூடு கட்டும் என்றார். உண்மைதான். ஆனால் புனல் அடைத்தால் கணக்கு குறையும். பெருமழையில் கிண்ணம் கவிழும் இடைவெளியில் கொஞ்சம் நீர் எண்ணப்படாமல் போகும், அப்போதும் கணக்கு குறையும். அவர் சுட்டிய பிழைகள் இருந்திருந்தால் உண்மையில் பெய்தது பட்டியலைவிட அதிகம் என்றுதான் ஆகும். அதைச் சொன்னதும் அந்த வாதம் அங்கேயே நின்றது.

பிறகு கூரையைப் பிடித்தார். கூரை பழுது, வாசற்படி தாழ்வு, ராஜகாலுவே ஆக்கிரமிப்பு என்று புதிய காரணங்கள் வந்தன. ராஜகாலுவே ஆக்கிரமிப்பு பெங்களூரின் உண்மையான நோய். அதை நான் மறுக்கவும் இல்லை. ஆனால் மறுப்புக் கடிதத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. கடிதத்தில் சொல்லாத காரணத்தை வழக்கில் புதிதாகக் கொண்டுவரக்கூடாது என்று 2016இல் கலாடா பவர் வழக்கிலும், 2019இல் சவுராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சர்வேயர் அறிக்கையை எளிதில் ஒதுக்க முடியாது என்றார் கடைசியாக. ஒதுக்க முடியாதுதான், ஆனால் அதுவே முடிந்த முடிவும் அல்ல என்பது 2009இல் பிரதீப் குமார் வழக்கிலிருந்தே நிலைத்த சட்டம்.

எதிர்த்தரப்பை முழு வில்லனாக்க எனக்கு மனமில்லை. பெருமழைக்குப் பிறகு பொய்க் கோரிக்கைகள் குவிவதும் உண்மை. ஓட்டை ஷெட்டில் கிடந்த பழைய சரக்கை வெள்ளத்தின் கணக்கில் எழுதியவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவற்றைப் பிரிக்க மழைப்பதிவு நல்ல சல்லடை. அதைப் படிக்கத் தெரியாத கையில் கொடுத்ததுதான் இந்த வழக்கில் தவறு. எட்டரைக் கணக்கு வானிலை அலுவலகத்தில் வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் நாளே சொல்லித்தரும் விஷயம். நஷ்டத்தை மதிப்பிடும் தொழிலில் இருப்பவருக்கு அதை யாரும் சொல்லவில்லை என்றால், குறை ஒரு ஆளோடு முடிவதில்லை.

உத்தரவு எங்களுக்குச் சாதகமாக வந்தது. முழுமையாக அல்ல. நனைந்த ரீல்களின் மதிப்பில், எடைக்குப் போட்ட பணத்தையும் பாலிசிப்படி கழிக்க வேண்டியதையும் கழித்து மீதியை வட்டியோடு கொடுக்கச் சொன்னார்கள். மோட்டார் ஒன்றுக்குக் கேட்டிருந்த தொகை பில் இல்லாததால் தள்ளுபடி. மன உளைச்சலுக்குக் கேட்டது கிடைக்கவில்லை. கட்சிக்காரருக்கு மோட்டார் விஷயத்தில்தான் வருத்தம். அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். மேல்முறையீட்டுக்குப் போனால் உத்தரவிட்ட தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்பது 2019 நுகர்வோர் சட்டத்தின் ஏற்பாடு. நிறுவனம் போகவில்லை, பணத்தைக் கட்டிவிட்டது.

இதைப் படிப்பவர்களில் சிறு பட்டறை, குடோன், கடை வைத்திருப்பவர்கள் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மழையில் சரக்கு போனால் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் முதல் தகவலிலேயே மழை தொடங்கிய மணியையும் தண்ணீர் உள்ளே வந்த மணியையும் எழுதுங்கள். இரவு மழை என்றால் இரண்டு தேதியையும் போடுங்கள். மழைப்பதிவு கேட்கும்போது நாள் கணக்கு போதாது, மணிக்கணக்குப் பதிவு வேண்டும், எந்த மழைமானி, அது எங்கே நிற்கிறது என்பதும் வேண்டும் என்று கேளுங்கள். படம் எடுத்த போனைப் பத்திரமாக வையுங்கள், வாட்ஸ்அப் நகலை நம்பாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் 65பியின் இடத்தில் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு வந்திருக்கிறது. அதன்படி சான்றிதழ் இரண்டு பகுதி. ஒன்றைப் பதிவை வைத்திருப்பவரும் இன்னொன்றை நிபுணரும் தர வேண்டும், கோப்பின் ஹாஷ் எண்ணும் அதில் இருக்க வேண்டும். பதிவைக் கேட்டு எழுதும் அதே கடிதத்திலேயே இதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். டிவிஆர் பெட்டியை இன்றைக்கே மேல்தட்டுக்கு ஏற்றுங்கள்.